ஐஸ் பெட்டியும் மூன்றாம் கிணறும்

கன்னியாவில் எல்லோரும் தலைக்கு வார்க்கும் வெந்நீரில்
நான் ஒரு தடையியை முக்கினேன்.
கச்சான் கொட்டை அளவு.
பலூனுக்குள் இட்டு, வாயை நூலால் இறுக்கி.
வாளியோடு பின்னால் நின்றவர் கேட்டார்:
"என்ன பிள்ளை, நேர்த்தியோ?"
"ஓம்" என்றேன்.
பொய்யில்லை. ஐம்பது ஓம்.

மூன்றாம் கிணறு நாற்பத்தொரு பாகை.
கிளமென்ஸின் மீன் பெட்டியில் நொறுக்கிய ஐஸ், சுழியம்.
சூட்டில் எவ்வளவு இரைகிறது, குளிரில் எவ்வளவு,
அந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டு போனால்
என் பெருக்கி பிறவியிலேயே எவ்வளவு உளறுகிறது
என்ற இடத்துக்கு வரலாம்.
தொண்ணூற்றிரண்டு கெல்வின்.
கையெல்லாம் சூடை மீன் வாசத்தோடு
அதைக் கொப்பியில் எழுதினேன்.

வெப்பம் உள்ள எதுவும் சும்மா இருப்பதில்லை.
கல் பேசுகிறது, கடல் பேசுகிறது,
கொம்பின் வாயைப் பொத்தும் என் உள்ளங்கை
எல்லாவற்றையும் விட உரத்துப் பேசுகிறது.
இவற்றுக்கு அடியில்
ஆயிரத்து நானூற்று இருபது மெகாஹேர்ட்ஸில்
ஐதரசன்.
ஓர் அணு ஒருமுறை புரள ஒரு கோடி ஆண்டு.
புரண்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு.
அந்த மூச்சை வாங்கும் முதல் ட்ரான்சிஸ்டர்
இருமக்கூடாது.

பின்னால் நிற்பவை இருமலாம், தும்மலாம்.
அவற்றின் குற்றம் முன்னதன் பெருக்கத்தால் வகுபடும்.
முதலாவதின் குற்றத்தை வகுக்க
அதற்கு முன்னால் ஒருவருமில்லை.

பாடத்தில் இது சமன்பாடு.
கொட்பேயில் இதன் பெயர் கிளமென்ஸ்.

படகு றேடியோ திருத்துகிறவள் நான்.
கரைச் செற்றில் முதல் ட்ரான்சிஸ்டர் செத்தபோது
பழைய டிவியில் கழற்றிய ஒன்றை வைத்தேன்.
நூற்றியிருபது ரூபாய் மிச்சம்.
சோதித்தேன், பக்கத்துப் படகு தெளிவாகக் கேட்டது.
பக்கத்துப் படகு யாருக்குத்தான் கேட்காது.

கார்த்திகைக் கடல்.
விடியும்வரை நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்,
ஜசிந்தா அக்கா ஸ்பீக்கரில் காதை வைத்தபடி.
அரிசி களையும் சத்தம்.
இரவு முழுக்க
யாரோ அரிசி களைந்துகொண்டேயிருந்தார்கள்.

மூன்றாம் நாள் புல்மோட்டையிலிருந்து இழுத்து வந்தார்கள்.
கிளமென்ஸ் இறங்கித் திட்டிய முதல் சொல்லை
இங்கே எழுத முடியாது. அடுத்தது:
"நீ கதைச்சது எல்லாம் எனக்குக் கேட்டது.
நான் கத்தினது ஒண்டும் உனக்குக் கேக்கேல்ல."

இப்போது நிலாவெளியில், உப்பளத்துக்குப் பின்னால்
கூரைத் தகரத்தில் மடித்த கொம்பு.
கேபிள் ஒரு முழம் இருந்தது. ஒரு சாணாக்கினேன்.
பிறகு கேபிளே வேண்டாமென்று
பெருக்கியைத் தொண்டையிலேயே வைத்தேன்.
வடிகட்டியை முன்னால் வைத்தால் அது கொஞ்சம் தின்னும்,
பின்னால் வைத்தால்
துறைமுக ராடாரும் போன் கோபுரமும் நேரே நுழையும்.
நுழையட்டும், பின்னால்.
உரக்கச் சொல்வதற்கான பொருத்தம் ஒரு புள்ளி,
அமைதியாகக் கேட்பதற்கு இன்னொரு புள்ளி;
இரண்டு டெசிபலை விட்டுக்கொடுத்தேன்.
அதற்குப் பிறகும் ஒரு பின்னேரம் அது
யாரும் அனுப்பாத பாட்டைத் தானாகவே பாடியது.
ட்ரான்சிஸ்டரின் காலில்
அரை மில்லிமீற்றர் செம்பு கூட்டினேன். அடங்கியது.

மறுபடி கன்னியா, மறுபடி ஐஸ்.
முப்பத்தெட்டு.

தொழிலுக்குப் போகிற வழியில், இரவு இரண்டு மணிக்கு,
பெட்டியைக் கேட்டு வந்தார் கிளமென்ஸ்.
திரையில் ஒரு சின்ன மேடு,
பானையில் விழுந்த சொட்டை மாதிரி.
"ஆர் கதைக்கிறது?"
சொன்னேன்.
"நீ கதைச்சால் அங்க கேக்குமோ?"
"கேக்காது."
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
"அப்ப இந்த முறை நீதான் படகில நிக்கிறாய்."

பெட்டியைத் தோளில் ஏற்றினார்.
ஐஸ் உருகின தண்ணீர்
வாசல்வரை சொட்டிக்கொண்டு போனது.